ஸ்பேஸ்வார் கைப்பெட்டி செய்கிறோம்: டார்பிடோவைச் சூரியன் இழுக்க வேண்டுமா, வேண்டாமா?

#1 – ஈயப்பற்று

வணக்கம். எங்கள் ஊர்ப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி நெருங்குகிறது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து ஸ்பேஸ்வார் விளையாட்டைச் செய்துவைக்கப் போகிறேன். 1962-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் பி.டி.பி-1 கணினிக்கு எழுதினார்களே, அதே ஸ்பேஸ்வார். கறுப்புத் திரையில் இரண்டு விண்கலங்கள், நடுவில் எல்லாவற்றையும் தன்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு சூரியன், எதிரியைச் சுடக் கையில் கொஞ்சம் டார்பிடோ குண்டுகள். அவ்வளவுதான் விளையாட்டு. இன்றைக்கு உலாவியிலேயே ஓடும் எமுலேட்டர்கள், அதாவது அந்தப் பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் நிரல்கள், இருக்கின்றன. ஆனால் விசைப்பலகையில் ஆடவைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் செய்த கைப்பெட்டிகளையும் செய்தே ஆக வேண்டும்.

பெட்டிக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று கேட்பீர்கள். முதலில் ஆடியபோது பெட்டி கிடையாது. பி.டி.பி-1-இன் முன்பலகையில் பதினெட்டு சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். எண்களை உள்ளிட்டு இயந்திரத்தைச் சோதிக்க வைத்தவை. அதில் இந்தக் கோடியில் நான்கு ஒருவருக்கு, அந்தக் கோடியில் நான்கு அடுத்தவருக்கு. ஆடி ஆடி முழங்கை வலித்தது. அவசரத்தில் விரல் பக்கத்து சுவிட்சைத் தட்டியது. திரை ஒரு பக்கமாக இருந்ததால் ஒருவருக்கு மட்டும் நன்றாகத் தெரிந்தது. அங்கே ஆடியவர்களில் ஆலன் கோடாக், பாப் சாண்டர்ஸ் இருவரும் எம்.ஐ.டி.யில் பொம்மை ரயில் செய்து ஓட்டுகிறவர்களின் சங்கத்து அறைக்குள் புகுந்து, கிடைத்த மரத்துண்டு, கம்பி, சுவிட்சு எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு வந்து இரண்டு பெட்டிகளைச் செய்தார்கள். விளையாட்டுக்கென்றே தனியாகக் கையில் பிடிக்கும் பெட்டி செய்த மிக ஆரம்பகால வேலைகளில் இது ஒன்று. வாங்குவதற்குக் கடையே இல்லாத ஒரு பொருளை, தேவைப்பட்டவர்களே செய்துகொண்டார்கள். பிள்ளைகளுக்கு நான் காட்ட விரும்புவது இதைத்தான்.

பெட்டியின் அமைப்பு: மரப் பெட்டி, பேக்கலைட் மேல்மூடி. இடமும் வலமும் தள்ளும் ஒரு சுவிட்சு, கலத்தைத் திருப்புவதற்கு. முன்னும் பின்னும் போகும் இன்னொன்று: பின்னால் இழுத்தால் ராக்கெட் எரியும், முன்னால் தள்ளினால் கலம் ஹைப்பர்ஸ்பேஸுக்குள், அதாவது கதைகளில் வரும் மிகைவெளிக்குள், மறைந்து வேறிடத்தில் தோன்றும். மூன்றாவது டார்பிடோ பொத்தான். அது அழுத்தும்போது சத்தமே போடக்கூடாது. நீங்கள் எப்போது சுடப்போகிறீர்கள் என்று எதிராளி காதால் கண்டுபிடித்துவிடக்கூடாது என்று யோசித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

உங்களிடம் கேட்க வேண்டியவை: நம் ஊரில் மேல்மூடிக்கு எதைப் போடலாம், சத்தம் வராத பொத்தான் எங்கே கிடைக்கும். இவை சின்ன விஷயம். பெரிய விஷயம் வேறு. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கொஞ்ச நேரம் ஆடிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "கப்பலைச் சூரியன் இழுக்கிறது. டார்பிடோவை மட்டும் ஏன் இழுக்கவில்லை?" மூல நிரல் அப்படித்தான். அதைத் திருத்திச் செய்வதா, அப்படியே விடுவதா?

#2 – மதுரை மின்னியல்

மேல்மூடிக்கு ஹைலம் ஷீட் வாங்குங்கள். பழைய வீடுகளில் மர சுவிட்ச் பெட்டிக்கு மேலே திருகு போட்டு முடுக்கியிருப்பார்களே, அந்தப் பலகை. பேக்கலைட் குடும்பத்துச் சரக்குதான். மர அடிப்பெட்டியையும் எந்தத் தச்சரிடம் கேட்டாலும் செய்து தருவார். நம் ஊரில் பல தலைமுறை சுவிட்ச் பெட்டிகள் அப்படித்தான் செய்யப்பட்டன. துளை போடும்போது அடியில் ஒரு மரத்துண்டு வைத்து அழுத்திப் பிடியுங்கள். இல்லாவிட்டால் டிரில் வெளியே வரும் பக்கம் ஷீட் பெயர்ந்துவிடும்.

திருப்புவதற்கும் உந்துவதற்கும் டாக்கிள் சுவிட்சு. கடையில் கேட்கும்போது "நடுவில் ஆஃப், இரண்டு பக்கமும் தள்ளினால் ஸ்பிரிங்கில் திரும்பி வர வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். தள்ளிய இடத்திலேயே நிற்கும் வகையைத் தந்துவிடுவார்கள்; அதில் கலம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பொத்தானுக்கு மைக்ரோ சுவிட்சு வேண்டாம், 'டிக்' என்று பக்கத்து அறைவரை கேட்கும். பழைய டிவி ரிமோட்டைப் பிரித்தால் உள்ளே ரப்பர் விரிப்பு இருக்கும். ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் கறுப்பாகக் கார்பன் பூசிய ஒரு வில்லை. அதில் ஒன்றை வெட்டி எடுத்து, சின்னப் பலகையில் சீப்புப் பல் மாதிரி இரண்டு செப்புத் தடங்கள் வரைந்து அதன்மேல் உட்காரவையுங்கள். அழுத்தினால் சத்தமே இருக்காது. செலவும் இல்லை.

கணினியோடு இணைக்க 32யு4 சிப் உள்ள ஆர்டுயினோ என்ற சின்ன நிரல் பலகை போதும். யு.எஸ்.பி.யில் செருகியதும் கணினி அதை ஒரு விசைப்பலகை என்றே எடுத்துக்கொள்ளும். எமுலேட்டரில் எதையும் மாற்ற வேண்டாம்.

#3 – திருவாதிரை

அண்ணா, பெட்டியைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் திரையின் பின்னணியைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே தெரியும் விண்மீன்கள் உண்மையானவை!

விளையாட்டின் முதல் வடிவத்தை எழுதிய ஸ்டீவ் ரஸ்ஸல் முதலில் கைபோனபடி புள்ளிகளைத் தெளித்துவைத்திருந்தார். அந்தக் கூட்டத்தில் இருந்த பீட்டர் சாம்சனுக்கு அது பொறுக்கவில்லை. வானியல் பஞ்சாங்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு, வான நடுக்கோட்டிலிருந்து வடக்கே 22.5 பாகை, தெற்கே 22.5 பாகை வரையுள்ள பட்டையில், ஏறக்குறைய ஐந்தாம் பருமன்வரை (பருமன் என்பது மீனின் வெளிச்ச அளவு; எண் கூடினால் மங்கல்) கண்ணுக்குத் தெரியும் மீன்களையெல்லாம் நிரலில் ஏற்றிவிட்டார். பிரகாசமான மீனுக்கு அதே புள்ளியைப் பலமுறை ஒளிரவைத்தார். அதனால் மங்கலும் பிரகாசமும் வானத்தில் இருப்பதுபோலவே வந்தன. அந்தத் துணை நிரலுக்கு 'விலையுயர்ந்த கோளரங்கம்' என்று பெயர். ஆட ஆட வானம் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும்.

இப்போது நம் கணக்கைப் பாருங்கள். அந்தப் பட்டைக்குள் திருவாதிரை இருக்கிறது, ரோகிணி இருக்கிறது, மகம், சித்திரை, சுவாதி, திருவோணம் எல்லாம் இருக்கின்றன. கார்த்திகை இல்லை, அது 24 பாகை வடக்கே போய்விட்டது. கேட்டையும் இல்லை, தெற்கே 26 பாகையில் இருக்கிறது. புனர்பூசத்தின் இரட்டை மீன்களும் வெளியே. கண்காட்சிக்கு வரும் பிள்ளைகளிடம் "உன் நட்சத்திரம் திரையில் இருக்கிறதா, தேடு" என்று ஒரு அட்டை எழுதி வையுங்கள். மிருகசீரிடத்தின் வேடன் உருவத்தை ஒருமுறை கண்டுகொண்டால், அன்றிரவு மொட்டை மாடிக்கு ஏறாமல் இருக்கமாட்டார்கள்.

இரண்டு பேர் ஆடும் ஒரு சண்டை விளையாட்டில் பின்னணிப் புள்ளிகள் சரியாக இருக்கிறதா என்று யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனாலும் சாம்சன் பார்த்தார். அந்த மனம்தான் எனக்குப் பிடித்தது.

#4 – நூலகப்பூனை

டார்பிடோவைத் தொடாதீர்கள். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

சூரியனையும் ஈர்ப்பையும் சேர்த்தவர் டான் எட்வர்ட்ஸ். முதல் வடிவத்தில் சூரியனே இல்லை. யார் விரைவாகச் சுடுகிறாரோ அவர் ஜெயித்தார். ஈர்ப்பு வந்த பிறகுதான் யோசித்து ஆட வேண்டியதாயிற்று. ஆனால் பி.டி.பி-1 நொடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கூட்டல்தான் செய்யும். இரண்டு கலங்களையும் வரைந்துகொண்டு ஈர்ப்பையும் கணக்கிட்டால் படம் மினுக்கத் தொடங்கியது. எட்வர்ட்ஸ் கலத்தின் வடிவத்தை வரையும் பகுதியைத் திருப்பி எழுதினார். கலத்தின் வரைகோட்டுக் குறிப்பை எடுத்து, விளையாட்டு தொடங்கும்போதே அதை நேரடி இயந்திர ஆணைகளாக மாற்றிக்கொள்ளும் ஒரு குட்டித் தொகுப்பி. அதில் மிச்சமான நேரத்தில் இரண்டு கலங்களுக்கு ஈர்ப்பு கிடைத்தது. டார்பிடோக்களுக்கும் சேர்த்துக் கணக்கிட நேரம் மிஞ்சவில்லை. ஆக, அந்த நேர்க்கோட்டு டார்பிடோ அந்த இயந்திரத்தின் கைரேகை. அதை அழித்துவிட்டால் நீங்கள் காட்டுவது 1962 ஆகாது.

இன்னொன்று. இவர்கள் அறிவியல் புனைகதை ரசிகர்கள் என்பதை மறக்கக்கூடாது. ரஸ்ஸல், மார்ட்டின் கிரெட்ஸ், வேய்ன் வீட்டனன் மூவரும் ஈ.ஈ. 'டாக்' ஸ்மித்தின் விண்வெளிக் கதைகளில் மூழ்கிக் கிடந்தவர்கள். விண்மீன் கூட்டங்களுக்கிடையே துரத்தல், கப்பல் கப்பலாக மோதல். புதிய கணினிக்கு என்ன செய்து காட்டலாம் என்று யோசித்தபோது, இந்தக் கதைகள்தான் வடிவம் கொடுத்தன. நிறையே இல்லாத ஆயுதம் என்று வைத்துக்கொண்டால் டார்பிடோ நேராகப் போவது கதைக்குள் அழகாகப் பொருந்திவிடுகிறது. ஹைப்பர்ஸ்பேஸும் அப்படித்தான். கிரெட்ஸ் அதை எழுதியபோது, அடிக்கடி பயன்படுத்தினால் கலம் திரும்பி வரும்போது வெடித்துவிடலாம் என்று வைத்தார். அதற்கு அவர் சொன்ன காரணம், அந்த 'மார்க் ஒன்று' மிகைவெளி இயந்திரங்கள் அவசரமாகச் செய்யப்பட்டவை, சரியாகச் சோதிக்கப்படாதவை என்பது. விளையாட்டின் விதி ஒவ்வொன்றுக்கும் ஒரு கதைக் காரணம் தேடியிருக்கிறார்கள். கதையைப் படித்தவன் கைதான் இதைச் செய்தது.

#5 – அரைப்புள்ளி

பூனை, நீங்கள் சொன்ன தகவல் எல்லாம் சரி. முடிவைத்தான் ஏற்க முடியவில்லை.

இந்த விளையாட்டு யாருடையது? முதல் வடிவத்தை ரஸ்ஸல் எழுதினார், 1962 பிப்ரவரியில் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். சாம்சன் வானத்தை மாற்றினார். எட்வர்ட்ஸ் சூரியனை வைத்தார். கிரெட்ஸ் ஹைப்பர்ஸ்பேஸைச் சேர்த்தார். கோடாக்கும் சாண்டர்ஸும் பெட்டி செய்தார்கள். நிரல் துளையிட்ட காகித நாடாவாக ஒரு இழுப்பறையில் கிடக்கும். வேண்டியவர் எடுத்து, நகல் போட்டு, மாற்றிப் பார்க்கலாம். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. "அப்படியே வைத்திரு" என்று ஒருவர் சொல்லியிருந்தால் திரையில் இன்றுவரை சூரியனே இருந்திருக்காது.

தொடக்கமே அப்படித்தான். ரஸ்ஸல் வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். சைன், கொசைன் கணக்கிடும் துணை நிரல் தன்னிடம் இல்லை என்று காரணம் சொன்னார். கோடாக் நேரே கணினியைச் செய்த டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்துக்குப் போய் அந்த நிரலின் நாடாவை வாங்கி வந்து மேசைமேல் வைத்து, இப்போது என்ன காரணம் சொல்லப்போகிறாய் என்று கேட்டார். அடுத்தவர் வேலையில் உரிமையோடு கைவைக்கும் கூட்டம் அது. நாமும் கைவைப்பதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

இன்றைய சிப்புக்கு டார்பிடோ ஈர்ப்பு ஒரு பொருட்டே இல்லை. அந்த மாணவி சரியாகக் கேட்டிருக்கிறாள். அவளையே எழுதச் சொல்லுங்கள்.

#6 – வகுப்பறை

நான் இயற்பியல் ஆசிரியை. அரைப்புள்ளி தம்பி பக்கம்தான் என் வாக்கு. ஆனால் என் காரணம் வேறு. பிள்ளைகள் திரையில் பார்ப்பதை நம்புவார்கள். ஒரே சூரியன் ஒரு பொருளை இழுக்கும், இன்னொன்றை விடும் என்று பார்த்துவிட்டுப் போனால், பிறகு நான் கரும்பலகையில் எவ்வளவு எழுதினாலும் அழியாது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். பி.டி.பி-1-இன் விலை அன்றைக்கு 1,20,000 டாலர். ஐம்பத்துச் சொச்சம் இயந்திரங்கள்தான் மொத்தமே செய்தார்கள். எம்.ஐ.டி.க்கு அது கிடைத்தது, அங்கே இருந்த சிலருக்கு இரவு நேரத்தில் தொட வாய்த்தது. இதைக் "கடையில் இல்லாததைத் தாங்களே செய்துகொண்டார்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டால், எந்த வசதிக்கு நடுவில் செய்தார்கள் என்பது மறைந்துவிடும். எங்கள் பள்ளியில் கணினி அறை பூட்டியேதான் இருக்கிறது. திறமை இருந்த எத்தனை பேருக்குத் தொடவே இயந்திரம் கிடைக்காமல் போனது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

#7 – ஈயப்பற்று

டீச்சர், சரியாகச் சொன்னீர்கள். அட்டையில் விலையையும் எழுதிவிடுகிறேன். பெட்டியைப் பூட்டாமல், திருகைக் கழற்றினால் உள்ளே பார்க்கிற மாதிரியே வைக்கப்போகிறேன். யார் வேண்டுமானாலும் கழற்றட்டும்.

#8 – அலைக்காட்டி

நான் முப்பது வருடத்துக்கு மேல் டிவி பழுதுபார்த்தவன். பெட்டியைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், திரையை எல்.சி.டி.யில் விட்டுவிடுவீர்களா?

அந்த இயந்திரத்தின் திரை வட்டமான 16 அங்குலக் குழாய். டிவி மாதிரி வரி வரியாக வரையாது. நிரல் ஒரு இடத்தைச் சொல்லும், அந்த ஒரு புள்ளி மட்டும் ஒளிரும். குறுக்கே 1,024, நெடுக்கே 1,024 இடங்கள். நொடிக்கு 20,000 புள்ளிதான் போட முடியும். குழாயின் உள்பூச்சு பி7 வகை, ரேடாருக்குப் பயன்பட்டது. இரண்டு அடுக்கு: முதலில் பளிச்சென்று நீலம் வந்து போய்விடும், அதன்பின் மஞ்சள் கலந்த பச்சை மெதுவாகத் தேயும். அதனால் ஒவ்வொரு கலத்துக்குப் பின்னாலும் வந்த வழி ஒரு கோடாகத் தெரியும். ஆடுகிறவர் அந்த வால் எப்படி வளைகிறது என்பதைப் பார்த்தே சூரியன் தன்னை எவ்வளவு இழுக்கிறது என்று கணித்துவிடுவார். இது வெறும் அழகுக்கு இல்லை. வாலை எடுத்துவிட்டால் ஆட்டமே கடினமாகிவிடும்.

எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் பழைய அலைக்காட்டி (மின் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி) ஒன்று தூசி படிந்து கிடக்கும். அதை எக்ஸ்-ஒய் முறையில் போடுங்கள்; ஒரு மின்னழுத்தம் ஒளிப்புள்ளியைக் குறுக்கே நகர்த்தும், இன்னொன்று நெடுக்கே. ஈஎஸ்பி32 என்ற கட்டுப்பாட்டுச் சிப்பின் முதல் வகையில் எண்ணை மின்னழுத்தமாக மாற்றித் தரும் இரண்டு கால்கள், 25-உம் 26-உம், உள்ளேயே இருக்கின்றன. அவை 8 பிட். அதாவது குறுக்கே 256 இடம்தான். கலத்தின் விளிம்பு படிக்கட்டாகத் தெரியும். கொஞ்சம் செலவு செய்து எம்.சி.பி.4922 என்ற 12 பிட் சிப் வாங்கிப் போட்டால் 1,024-ஐயும் தாண்டலாம். சாதாரண அலைக்காட்டியில் ஒளி சட்டென்று அணைந்துவிடும். வால் வேண்டுமென்றால் கலம் இருந்த பழைய இடங்களையும் நிரலிலேயே திரும்பத் திரும்ப வரைய வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. நிரல் நின்றுபோனால் ஒளிப்புள்ளி ஒரே இடத்தில் நின்று பூச்சை எரித்துவிடும். பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, உடனே வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். மற்றது, பெட்டியைத் திறந்து காட்டுங்கள், அலைக்காட்டியை மட்டும் பிள்ளைகள் திறக்கவே கூடாது. உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும், செருகியைப் பிடுங்கிய பிறகும் நிற்கும்.

#9 – கடல்தாண்டி

கலிபோர்னியாவில் மவுண்டன் வியூ என்ற ஊரில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் பி.டி.பி-1 ஒன்றைப் பழுதுபார்த்து ஓடவிட்டிருக்கிறார்கள். அங்கே செயல்விளக்கம் பார்த்தேன். பார்வையாளர்களையும் ஆடவிடுகிறார்கள்.

அலைக்காட்டி ஐயா சொன்ன வால் பற்றி நானும் சொல்ல வந்தேன். புகைப்படத்தில் அது வரவே வராது. அறுகோணமாக ஒரு உறை, அதற்குள் வட்டத் திரை. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு சிறுமி முதல் ஆட்டத்தில் ராக்கெட்டை எரித்துக்கொண்டே போய் நேராகச் சூரியனில் விழுந்தாள். அடுத்த ஆட்டத்தில் கையை எடுத்துவிட்டாள். கலம் தானாகச் சூரியனை நோக்கி விழுந்தது. நெருங்கும்போது கொஞ்சமாக எரித்தாள், கலம் சூரியனைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் பாய்ந்தது. யாரும் சொல்லித்தரவில்லை. டீச்சருக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்து ஆட்டக்காரர்களிடமும் இந்த நகர்வு பிரபலம். இரண்டு கலமும் ஒரே சமயத்தில் அப்படிச் சுற்றும்போது திரையில் வரும் வடிவம் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் கண் சின்னம் போல இருந்ததால், அதற்கு 'சி.பி.எஸ். தொடக்கம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

#10 – நூலகப்பூனை

வகுப்பறை அம்மா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் உண்மைக்கு நெருக்கமாக்கினால் விளையாட்டு நன்றாக இருக்கும் என்பது எப்போதும் சரியாவதில்லை. அவர்களே முயன்று பார்த்தார்கள். உண்மையான ஆயுதம் அவ்வளவு துல்லியமாகப் போகாது என்று ரஸ்ஸல் டார்பிடோவின் வேகத்திலும் திசையிலும் சிறு பிசகு வரும்படி எழுதினார். ஆடியவர்கள் வெறுத்தார்கள். குறிபார்த்துச் சுட்டும் தவறினால் தன் திறமையை யாரும் நம்பமாட்டார்களே! அந்தப் பிசகை எடுத்துவிட்டார்கள்.

இப்போது டார்பிடோவும் வளைந்தால் என்ன ஆகும்? கலமும் வளைகிறது, குண்டும் வளைகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு முறைகூடக் குறிவைக்க முடியாமல் எழுந்து போய்விடும். நேராகப் போகும் ஒன்று திரையில் இருப்பதால்தான் மற்றது வளைவதே கண்ணுக்குத் தெரிகிறது.

#11 – அரைப்புள்ளி

அந்தக் கடைசி வரி நல்ல வாதம். இருந்தாலும் விடமாட்டேன். மூல நிரலின் பட்டியலை மறுபடி எடுத்துப் படித்தேன். நம் சண்டைக்கு விடை அதிலேயே இருக்கிறது.

பி.டி.பி-1-இன் பலகையில் அந்தப் பதினெட்டைத் தவிர தனியாக ஆறு சுவிட்சுகள் உண்டு. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே "இந்த சுவிட்சு போட்டிருக்கிறதா" என்று பார்த்து வழியை மாற்றிக்கொள்ளலாம். ஸ்பேஸ்வாரில் அந்த ஆறையும் விதிகளுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஒன்று ஈர்ப்பைக் கூட்டும். ஒன்று பின்னணி விண்மீன்களை அணைக்கும். ஒன்று சூரியனையே எடுத்துவிடும். ஒன்று, சூரியனில் விழுந்த கலம் அழிய வேண்டுமா, வேறு இடத்தில் தோன்ற வேண்டுமா என்பதற்கு.

முதல் சுவிட்சுதான் முக்கியம். கலம் திரும்பும்போது, சுவிட்சை விட்ட பிறகும் சுழன்றுகொண்டே இருக்க வேண்டுமா, விட்டதும் நிற்க வேண்டுமா? நியூட்டன்படி பார்த்தால் சுழல வேண்டும். ஆடுவதற்கு நின்றால்தான் வசதி. இரண்டையும் வைத்துவிட்டார்கள். விட்டதும் நிற்கும் முறைக்கு வைத்த பெயர் 'பெர்கன்ஹோம்'. பூனைக்கு உடனே தெரிந்திருக்கும்: ஸ்மித்தின் கதைகளில் பொருளின் நிலைமத்தையே இல்லாமலாக்கும் கருவியின் பெயர் அது. இயற்பியல் ஒரு பக்கம், புனைகதை ஒரு பக்கம், நடுவில் ஒரு சுவிட்சு. நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் அதே விவாதம் அவர்களுக்குள்ளும் நடந்து, ஒரு சுவிட்சாகப் பலகையில் நிற்கிறது.

ஆகவே ஏழாவதாக ஒரு சுவிட்சு வையுங்கள். ஒரு பக்கம் '1962', மறுபக்கம் 'நியூட்டன்'. '1962' பக்கத்தில் மூல நாடாவின் நிரலில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம்.

#12 – வகுப்பறை

எனக்கு முழுச் சம்மதம். இரண்டு நிலையிலும் ஆடவைத்து "எதில் என்ன வித்தியாசம் பார்த்தாய்" என்று கேட்டாலே ஒரு பாடவேளை போய்விடும்.

#13 – நூலகப்பூனை

எனக்கும் சம்மதம். பெர்கன்ஹோம் பெயரை அட்டையில் பெரிதாக எழுதுங்கள். கருவி செய்கிறவர்களும் கதை படிக்கிறவர்களும் தொடக்கத்திலிருந்தே ஒரே வீட்டுக்காரர்கள். 1926 ஏப்ரலில் 'அமேசிங் ஸ்டோரிஸ்' இதழைத் தொடங்கிய ஹியூகோ கெர்ன்ஸ்பேக், அதற்கு முன்பு வானொலிப் பாகங்கள் விற்றவர், மின்னியல் பொழுதுபோக்கு இதழ்கள் நடத்தியவர். தம் முதல் நாவலையே 1911-இல் அப்படிப்பட்ட ஒரு இதழில்தான் தொடராக எழுதினார். பிறகு கதை இதழில் வாசகர் கடிதங்களை முகவரியோடு அச்சிட்டார். அந்த முகவரிகளைப் பார்த்து வாசகர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். ரசிகர் மன்றங்கள் முளைத்தன. 1953 முதல் வழங்கப்படும் ஹியூகோ விருது அவர் பெயரில்தான் இருக்கிறது. சால்டரிங் கம்பியும் கதைப் புத்தகமும் ஒரே மேசையில் கிடந்ததற்கு இவ்வளவு நீண்ட வரலாறு உண்டு.

#14 – புதுவரவு

நான் பதினொன்றாம் வகுப்பு. இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஈயப்பற்று அண்ணா, ஒரு சந்தேகம். கண்காட்சியில் கூட்டம் நிற்கும்போது ஒருவரே ஆடிக்கொண்டிருந்தால் என்ன செய்வீர்கள்? இயந்திரம் இரண்டு பேருக்குத்தான்.

#15 – அரைப்புள்ளி

தம்பி, நல்ல கேள்வி. 1962 மே மாதம் எம்.ஐ.டி.யில் பொதுமக்களுக்கான அறிவியல் திறப்பு விழா நடந்தபோது அவர்களுக்கும் இதே சிக்கல் வந்தது. அதற்காகவே புள்ளி எண்ணும் பகுதியைச் சேர்த்தார்கள். இத்தனை ஆட்டம் என்று முடிவு செய்துகொண்டால், முடிந்ததும் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட்டாக வேண்டும். நீங்களும் மூன்று ஆட்டம் என்று வைத்துவிடுங்கள்.

நீங்கள் நிரல் எழுதுவீர்களா? 'நியூட்டன்' பக்கத்துக்கு ஆள் வேண்டும். கலத்துக்கு ஈர்ப்பு கணக்கிடும் பகுதியை அப்படியே எடுத்து ஒவ்வொரு டார்பிடோவுக்கும் ஒருமுறை ஓடவிட வேண்டும், அவ்வளவுதான். கேள்வி கேட்ட மாணவியோடு சேர்ந்து எழுதுங்கள்.

#16 – புதுவரவு

எழுதுகிறேன் அண்ணா. பைத்தான் தெரியும், சி இப்போதுதான் படிக்கிறேன்.

#17 – ஈயப்பற்று

எல்லாருக்கும் நன்றி. முடிவு செய்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஹைலம் மூடி போட்ட இரண்டு மரப் பெட்டிகள், ரிமோட் ரப்பரில் செய்த பொத்தான். அலைக்காட்டிக்குப் பக்கத்துப் பாலிடெக்னிக்கில் கேட்டிருக்கிறேன், கிடைக்காவிட்டால் எல்.சி.டி.யில் வாலை நிரலால் வரைந்துகொள்வோம். '1962 / நியூட்டன்' சுவிட்சு இரண்டு பெட்டிக்கும் நடுவில், மேசையின்மேல் தனிப் பலகையில் இருக்கும். ஆடும் இருவரும் சம்மதித்தால்தான் மாற்றலாம் என்பது பிள்ளைகள் வைத்த விதி. விண்மீன் அட்டையைத் திருவாதிரை எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒன்று மட்டும் பாக்கி. பெட்டியிலிருந்து ஆர்டுயினோவுக்குப் போகும் வயர் எவ்வளவு நீளம்வரை தாங்கும்? பிள்ளைகள் எழுந்து நின்று இழுப்பார்கள்.

#18 – மதுரை மின்னியல்

இரண்டு மீட்டர் தாராளமாகப் போகலாம், வெறும் சுவிட்சுதானே. பெட்டிக்குள் வயர் நுழைந்ததும் ஒரு முடிச்சுப் போட்டு, அதன்பிறகு சால்டர் செய்யுங்கள். இழுத்தால் முடிச்சு துளையில் தடுத்துக்கொள்ளும். சால்டர் செய்த இடத்துக்கு இழுவை போகாது. துளையின் விளிம்பில் ரப்பர் வளையம் ஒன்று போட மறக்காதீர்கள், ஹைலம் ஷீட்டின் ஓரம் வயரின் தோலை அறுத்துவிடும்.